ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் ஆண்டு முடிப்பு: மார்ச் முதல் ஜூன் வரை செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பலவற்றை ஒரு தலைமை ஆசிரியரும் ஓர் உதவி ஆசிரியரும் மட்டுமே நடத்திவருகின்றனர். ஐந்து வகுப்புகளுக்கும் பாடம் நடத்திக்கொண்டே, ஆண்டின் இறுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவியும் தேர்வு, தேர்ச்சிப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆண்டு விழா, புதிய சேர்க்கை, எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களுக்கான கல்வித் துறையின் இணையத் தளம்) பதிவு ஆகிய அனைத்தையும் அவ்விருவரே பார்த்தாக வேண்டும். இக்கட்டுரை அவர்களுக்காகவும், அவர்களுக்குத் துணை நிற்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்காகவும் எழுதப்படுகிறது.

ஏப்ரல் மாத வேலை என்றாலே பதிவேடுகளை முடித்துக் கையொப்பமிட்டு அலமாரியில் வைப்பதுதான் என்ற எண்ணம் நம்மிடையே ஊறியிருக்கிறது. நம் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் ஒவ்வொரு பெயரும் இன்னொரு பள்ளியின் பதிவேட்டில் ஏறும் வரை அந்த ஆண்டு முடியவில்லை என்றே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அப்படிக் கொண்டால் எந்த வேலையை முதலில் எடுப்பது, எதை இரண்டு நாள் தள்ளிப்போடலாம் என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

மார்ச்சுக்குள் தீர்க்க வேண்டியவை

நிதியாண்டு மார்ச் 31ஆம் நாள் முடிந்துவிடுகிறது. கல்வியாண்டோ ஏப்ரலில்தான் முடிகிறது. இந்த இடைவெளியை மறந்துவிட்டு, ஆண்டு இறுதிச் செலவுகளை ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும் பள்ளிகள் கையில் இருந்த தொகையைச் செலவிட முடியாமல் திண்டாடுகின்றன. ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் 100 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய் என்ற அளவில் வகுக்கப்பட்டது. அதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. எனவே எந்தெந்தச் செலவு என்பதைப் பிப்ரவரிக் கூட்டத்திலேயே பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக எழுதிவிட்டு, மார்ச் நடுவுக்குள் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வரவு செலவுப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். ஒழுகும் குழாய், கதவில்லாத கழிப்பறை, உடைந்த தாழ்ப்பாள் போன்றவற்றை இப்போதே சரிசெய்துவிட்டால், ஜூன் முதல் வாரத்தில் புதுப் பிள்ளைகளோடு வரும் பெற்றோர் கண்ணில் படுவது சீரான பள்ளியாக இருக்கும். முதல் நாளன்று கழிப்பறையை எட்டிப் பார்க்காத தாய் அரிது.

பெரிய தேவைகளுக்குக் கிராம சபைதான் இடம். 2022ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, தொழிலாளர் நாளான மே 1 ஆகிய இரண்டும் நமக்கு வாய்ப்பான நாள்களில் அமைந்துள்ளன. குடிநீர் தொடர்பான கோரிக்கையை மார்ச்சிலும், சுவர், கூரை போன்றவற்றை மே மாதத்திலும் கொண்டுசெல்லலாம். “சுற்றுச்சுவர் கட்டித்தர வேண்டும்” என்று ஒற்றை வரியில் கொடுக்கும் மனு கோப்பில் தூங்கும். “பள்ளியின் வடக்குப் பக்கத்தில் 18 மீட்டர் நீளத்துக்குச் சுவர் இல்லை; அவ்வழியே இரவில் ஆடுமாடுகள் நுழைகின்றன; அதை ஒட்டித் திறந்த கிணறு ஒன்று இருக்கிறது” என்று அளந்து எழுதினால், ஊராட்சிச் செயலர் அதைத் தீர்மான நோட்டில் அப்படியே எழுதிக்கொள்ள முடியும். மே 1 விடுமுறை நாளில் வருவதால், மனுவைப் படிப்பவர் மேலாண்மைக் குழுத் தலைவரான பெற்றோராக இருப்பது நல்லது. பெற்றோர் கேட்கும் கேள்விக்குச் சபையில் இருக்கும் மதிப்பு, ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை.

சேர்க்கையும் இதே மாதத்துக்கு உரியது. அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மார்ச் 1 முதலே மாணவர் சேர்க்கை தொடங்கிவிடுகிறது. முதலில் செல்ல வேண்டிய இடம் ஊரிலுள்ள அங்கன்வாடி மையம். 5 வயது நிறையும் குழந்தைகளின் பட்டியல் அங்கன்வாடிப் பணியாளரிடம் இருக்கும்; அப்பட்டியலை வாங்கி, வீடு வீடாகச் சென்று வர வேண்டும். பதாகை பிடித்து முழக்கமிட்டு நடத்தும் சேர்க்கைப் பேரணி படத்துக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது கொண்டுவரும் குழந்தைகளின் எண்ணிக்கையை அது கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று தயங்கும் குடும்பங்களிடம், வயதுச் சான்று இல்லாத காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுவதை எடுத்துச் சொல்லிவிட்டு, சான்றிதழ் பெறும் வழியையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஐந்து வயதைக் கடந்த குழந்தையின் ஆதாரில் கைரேகையும் கருவிழிப் பதிவும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதையும் அப்போதே நினைவூட்டினால், விடுமுறையிலேயே பெற்றோர் அந்த வேலையை முடித்துவிடுவர்.

எண்ணிக்கையைப் பற்றி வெளிப்படையாகவே பேசலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்கள். ஆகஸ்ட் 1ஆம் நாள் பதிவில் உள்ள எண்ணிக்கையைக் கொண்டே பணியாளர் நிர்ணயம் செய்யப்படுகிறது. 57 பேர் படிக்கும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலிருந்து 13 பேர் வெளியேறினால், மூன்றாவது பணியிடம் கேட்பதற்கு 17 பேர் புதிதாக வர வேண்டும். இக்கணக்கைத் தலைமை ஆசிரியர் தன் மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். 2024ஆம் ஆண்டு மறுகட்டமைப்பின்போது குழு 24 உறுப்பினர்களைக் கொண்டதாக விரிந்து, முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. தெருவுக்கு இருவர் என்று பொறுப்பேற்றுக்கொள்ள அந்த எண்ணிக்கை போதுமானது.

பெற்றோருக்கான ஆண்டு இறுதிக் கடிதம்

ஆண்டு இறுதிச் செய்திகள் பெற்றோரை எட்டுவதற்குள் வதந்தியாகத் திரிந்துவிடுவது ஊர்ப்புறப் பள்ளிகளின் பழைய நோய். “தேர்வு முடிந்துவிட்டது, இனிப் பள்ளி இல்லை” என்று ஒரு பிள்ளை வீட்டில் சொன்னால், மறுநாள் பாதி வகுப்பு காலியாகிவிடும். ஆகவே ஒரே தாளில், தேதிகளோடு, தலைமை ஆசிரியரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் தேர்வு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே வீடுகளுக்குச் செல்ல வேண்டும்.

தேதிகளை எழுதும்போது எச்சரிக்கை தேவை. 2025ஆம் ஆண்டில் வெயில் கடுமையைக் கருதித் தொடக்க வகுப்புகளின் தேர்வு முன்னதாகத் தொடங்கி ஏப்ரல் 17இல் முடிக்கப்பட்டது. பள்ளி திறப்பும் அப்படித்தான்: 2023இல் தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 வரை தள்ளிப்போனது, 2024இல் ஜூன் 6 என்று அறிவிக்கப்பட்டிருந்தது பின்னர் ஜூன் 10 ஆனது. எனவே கடிதத்தில் திறப்பு நாளை உறுதியாக அச்சிடுவதைவிட, அறிவிக்கப்பட்ட நாளைக் குறிப்பிட்டு, மாறினால் எப்படித் தெரிவிக்கப்படும் என்பதையும் எழுதுவதே முறை. கடிதத்தின் வாசகம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

“அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். மூன்றாம் பருவத் தேர்வு ஏப்ரல் ___ அன்று தொடங்கி ___ அன்று முடிகிறது. பள்ளியின் கடைசி வேலை நாள் ___. அன்று வரை காலை உணவும் மதிய உணவும் வழக்கம்போல் உண்டு. தேர்வு முடிந்த பிறகும் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புங்கள். ஜூன் ___ அன்று பள்ளி திறக்கும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. நாள் மாறினால் பள்ளி வாயில் பலகையிலும், ரேஷன் கடைச் சுவரிலும் எழுதி ஒட்டுவோம். ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் அனைவரும் ___ அன்று மாலை பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றின் நகலுடன் பள்ளிக்கு வர வேண்டும். வேலைக்காக வெளியூர் செல்பவர்கள் போகும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செல்லுங்கள். பிள்ளையின் படிப்பு தொடர நாங்கள் வழிசெய்கிறோம்.”

கடைசி வரி பொதுவான மரியாதைக்காகச் சேர்க்கப்பட்டதன்று. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு செல்பவர்களின் பிள்ளைகள்தாம் முதலில் பதிவேட்டில் மட்டும் எஞ்சுகிறார்கள். போகும் ஊர் தெரிந்தால் அங்குள்ள பள்ளிக்குத் தகவல் சொல்ல முடியும்.

வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டால் செய்தி சேர்ந்துவிட்டதாக எண்ணக் கூடாது. குழுவில் இருக்கும் எண் பெரும்பாலும் திருப்பூரிலோ சென்னையிலோ வேலைபார்க்கும் தந்தையுடையது; வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்வதே இல்லை. கடிதத்தின் வாசகத்தைத் தலைமை ஆசிரியரே ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் அனுப்பலாம். ஆண்டு விழா மேடையில் ஒருமுறை வாசிப்பதும் பயன் தரும். அதற்காகவாவது விழாவை மாலை ஐந்து மணிக்கு மேல், கூலி வேலைக்குச் சென்றவர்கள் திரும்பிய பிறகு வைக்க வேண்டும். பகல் பதினோரு மணி ஆண்டு விழாவுக்கு விருந்தினர் மட்டுமே வருவர்.

இக்கடிதத்தோடு ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு வரிகள் கையால் எழுதித் தர வேண்டும் என்பேன். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்வதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ஆம் ஆண்டில் முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அதில் பிள்ளைகளின் கற்றலைக் குறிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் நமக்குப் பழகிவிட்டன. “உங்கள் பிள்ளை மொட்டு நிலையில் இருக்கிறான்” என்று பெற்றோரிடம் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. அதற்குப் பதிலாக, “சிறு கதை ஒன்றை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறான், இரண்டு இலக்க எண்களைக் கடன் வாங்கிக் கழிப்பதில் இன்னும் தடுமாறுகிறான். விடுமுறையில் கடைக்கு அனுப்பி, மீதிச் சில்லறையை அவனையே கணக்குச் சொல்லச் சொல்லுங்கள்” என்று எழுதினால், எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அதை யாரிடமாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டு அப்படியே செய்ய முடியும். அறுபது பிள்ளைகளுக்கு இப்படி எழுத இரண்டு ஆசிரியர்களுக்கு மூன்று மாலைகள் பிடிக்கும். ஆண்டு இறுதியில் செலவிடப்படும் நேரத்தில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்காத முறை தொடர்வதால், தேர்ச்சிப் பட்டியல் தயாரிப்பதில் சிக்கல் எழுவதில்லை. மதிப்பெண்களை உடனுக்குடன் செயலியில் ஏற்றிவிட வேண்டும். கடைசி நாளில் எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய முயலும்போது அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்

இங்குதான் அதிக நேரம் செலவிட வேண்டும். முதல் வேலை பெயர்ச் சரிபார்ப்பு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ், பள்ளியில் சேர்வோரையும் விலகுவோரையும் பதியும் சேர்க்கை நீக்கப் பதிவேடு ஆகிய நான்கிலும் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவை ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கயல்விழி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகள் போட்டிருப்பார்கள். ஆதார் மையத்தில் ஒரே எழுத்தாகச் சுருக்கியிருப்பார்கள். ஒன்றில் முன்னெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால் இருக்கும். தொடக்கப் பள்ளியில் இதனால் எந்த இடரும் தெரியாது. வங்கிக் கணக்கில் உதவித்தொகை வரவேண்டிய நாளிலும், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் நாளிலும்தான் அது வெடிக்கும். அப்போது திருத்துவதற்குக் குடும்பம் ஒரு வாரக் கூலியை இழந்து அலைய நேரிடும். எனவே மார்ச் மாத இறுதியில் ஐந்தாம் வகுப்புப் பெற்றோரை அழைத்து, ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் உட்கார்ந்து, நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுச் சரிபார்த்து, பெற்றோரின் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். எதில் பிழை இருக்கிறதோ அதைத் திருத்தும் இடத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். வாயால் சொன்னது வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும்.

அதே சந்திப்பில் ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்க்கப்போகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு செய்தியை நாம்தான் சொல்ல வேண்டும். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் உயர்கல்வி பயிலும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது; மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. இம்மூன்றிலும் அரசுப் பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஐந்தாம் வகுப்பு வரை நம்மிடம் படித்துவிட்டு, “கொஞ்ச நாள் தனியாரில் படிக்கட்டும், பிறகு ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்” என்று நினைக்கும் பெற்றோர், என்ன கைவிட்டுப் போகிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். முடிவு அவர்களுடையது, தகவலை மறைக்காமல் சொல்வது நம் கடமை. தனியார் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் முகம் கோணுவதும், சான்றிதழை இழுத்தடிப்பதும் கூடவே கூடாது. மாற்றுச் சான்றிதழைக் கேட்டவுடன் தலைமை ஆசிரியர் வழங்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு கட்டளையிடுகிறது; அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில் உள்ளது.

சான்றிதழைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. எமிஸில் மாணவரை நம் பள்ளியிலிருந்து விடுவித்து, எந்தப் பள்ளியிலும் இல்லாத மாணவர்களுக்கான பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி அவரைத் தன் பட்டியலில் சேர்க்க முடியும். இந்த வேலையை விடுவிப்பவர் மறந்து, சேர்ப்பவர் காத்திருந்து, இடையில் புத்தகமும் சீருடையும் இல்லாமல் ஒரு பிள்ளை ஜூன் முழுவதும் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதை ஒவ்வோர் ஒன்றியத்திலும் காணலாம். சான்றிதழ் வழங்கும் நாளிலேயே, பெற்றோர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, விடுவிப்பையும் முடித்துவிட்டால் இச்சிக்கல் எழாது.

இயன்றால் ஏப்ரலில் ஒரு நாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அருகிலுள்ள நடுநிலைப் பள்ளிக்கோ உயர்நிலைப் பள்ளிக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். பேருந்து எந்த நிறுத்தத்தில் நிற்கும், ஆறாம் வகுப்பு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, கழிப்பறை எங்கே, சாப்பாட்டுக்கு எங்கே வரிசையில் நிற்பது என்பதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பெரிய பள்ளி அச்சம் பாதி குறைந்துவிடும். பெண் பிள்ளைகளின் தாய்மாரில் ஓரிருவர் உடன் வருவது மிகவும் நல்லது. “அவ்வளவு தூரம் எப்படித் தனியாகப் போவாள்” என்ற கேள்விக்கு, வழியை நேரில் பார்த்துவிட்டு வந்த தாய் தெருவில் சொல்லும் பதிலுக்கு நிகரில்லை. மாற்றுத் திறனாளிக் குழந்தை இருந்தால், அடையாள அட்டையின் நகலோடு, இயன்முறைப் பயிற்சி பெறும் விவரத்தையும், வகுப்பில் எங்கே அமர்த்தினால் வசதியாக இருக்கும் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் புதிய பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் நேரில் கொடுக்க வேண்டும்.

பூட்டும் முன்

சத்துணவு அமைப்பாளருடன் சேர்ந்து அரிசி, பருப்பு, எண்ணெய் இருப்பை அளந்து இருவரும் கையொப்பமிட வேண்டும். திறன்பலகை, கைக்கணினி போன்றவற்றை இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, மின் இணைப்பைத் துண்டித்து, கூரை ஒழுகாத அறையில் வைத்துப் பூட்ட வேண்டும். கோடை மழை எந்த ஓட்டு இடுக்கில் இறங்கும் என்று அந்தப் பள்ளியில் நெடுநாள் இருப்பவருக்குத்தான் தெரியும். அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. கோடையில் மாறுதல் கலந்தாய்வு நடக்கும் ஆண்டுகளில் இருவரில் ஒருவர் மாறிச் செல்ல நேரலாம். அதை எதிர்பார்த்து, எந்தப் பிள்ளை எங்கே சேரவிருக்கிறது, யார் குடும்பத்தோடு வெளியூரில் இருக்கிறார்கள், எந்தப் பிழைத்திருத்தம் நிலுவையில் உள்ளது என்பவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பதிவேடுகளோடு வைத்துவிட வேண்டும். சாவியை மட்டும் ஒப்படைத்துச் செல்லும் பொறுப்பு ஒப்படைப்பால் புதிதாக வருபவர் ஆகஸ்ட் வரை இருட்டில் துழாவுவார்.

ஜூன் முதல் இரு வாரங்கள்

பள்ளி திறக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே குடிநீர்த் தொட்டியைக் கழுவி, வளாகத்துப் புதரை வெட்டி, பாம்பு, குளவிக் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். முதல் பருவப் புத்தகங்களும் குறிப்பேடுகளும் முதல் நாளே பிள்ளைகளின் கைக்குப் போக வேண்டுமென்றால், கோடையில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் கணக்கில் கொண்டு தேவைப் பட்டியலை வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும்.

திறந்த முதல் வாரத்தில், வராத பிள்ளைகளின் வீடுகளுக்குச் செல்வதோடு, ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எமிஸில் ஒவ்வொருவரின் பதிவும் காமன் பூலிலேயே நிற்கிறதா, புதிய பள்ளிக்கு ஏறிவிட்டதா என்பதைப் பார்த்து, நிற்பவர்களின் வீட்டுக்கு மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவருடன் நேரில் செல்ல வேண்டும். பேருந்துக் கட்டணம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, பாட்டி வீட்டுக்குப் போனவள் திரும்பாமை, சில வீடுகளில் மில் வேலைக்கு அனுப்பும் எண்ணம் என்று காரணம் வீட்டுக்கு வீடு வேறுபடும். கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தால் தயங்காமல் 1098 சிறார் உதவி எண்ணுக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். மற்றக் காரணங்களுக்கு ஆறாம் வகுப்பு ஆசிரியரும் நாமும் அந்த வீட்டில் ஒன்றாகப் போய் உட்கார்ந்தால், பெரும்பாலும் மறு வாரத்துக்குள் பிள்ளை பள்ளிக்கு வந்துவிடும். பட்டியலில் கடைசிப் பெயருக்கு எதிரே சேர்ந்த பள்ளியின் பெயரை எழுதிய பிறகு, அந்த ஆண்டின் சேர்க்கை நீக்கப் பதிவேட்டை முடித்துக் கையொப்பமிடலாம்.